கொழுப்பு உறையாத சித்திரை

இன்று காலை பின்வீட்டில் யாரோ ஆட்டுக் கொழுப்பு உருக்கினார்கள். இந்த லைன் வீடுகளில் எல்லா வாடையும் எல்லாருக்கும் பொது. முன்பெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். இன்று அரிசி களைந்த கையோடு அப்படியே நின்று அழுதேன். நீ பார்த்திருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பாய்.

அயர்லாந்தில் ஒரு குக்கிராமத்தில் பிறந்து, பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டு, பரங்கிமலையில் குடித்தனம் நடத்தி, ரங்கூனுக்கு வந்து விதவையானவள் நீ. வெள்ளைக்காரர் தெருவில் வாடகை கட்ட முடியாமல் என் அடுத்த வீட்டுக்கு வந்தாய். என்னைத் திட்டும் அளவுக்குத் தமிழ் வைத்திருந்தாய். என் வீட்டுக்காரருக்கு ஆற்றுக்கு அப்பால், சிரியம் மெழுகுவத்தித் தொழிற்சாலையில் வேலை. அவர் கொண்டுவரும் வெள்ளை வத்தியைக் கொடுத்தால், "இது கடை வெளிச்சம்டி" என்று திருப்பிக் கொடுப்பாய்.

உன் ஊர் வெளிச்சம் கோரையில் இருந்தது. கோரையை அறுத்து ஊறவைத்து, பச்சைத் தோலை உரிக்க வேண்டும். தோலில் ஒரே ஒரு நார்க்கீற்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் வெள்ளைத் தக்கை ஒடிந்துவிடும். அதை உருகிய ஆட்டுக் கொழுப்பில் முக்கிக் காயவைத்தால் விளக்கு. நான் கொழுப்பைத் தொடமாட்டேன் என்பதால் முதல் நாளே வேலையைப் பங்கு பிரித்துவிட்டாய். "நீ உரிடி, நான் முக்குறேன். உன் சாமிக்கும் கோவம் வராது, என் சாமிக்கும் வராது." மார்கழியில்தான் செய்வோம். வேறு மாதத்தில் இந்த ஊர்ச் சூட்டுக்குக் கொழுப்பு உறையாது.

சாகிறவர் கையில் விளக்கைக் கொடுத்து, இன்னொருவர் அந்தக் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வது உங்கள் வழக்கம் என்று சொல்லியிருக்கிறாய். சித்திரையில், பர்மியப் புத்தாண்டுக்கு ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தபோது, ஜுரத்தில் கிடந்த நீ என் கையைப் பிடித்துக் கேட்டாய். "எங்கம்மா கையில அதான் எரிஞ்சுது. எனக்கும் அதான் வேணும்டி."

மார்கழியில் செய்தது தீர்ந்துபோயிருந்தது. உரித்த கோரை மட்டும் மிச்சம். உன் கையை விலக்கிவிட்டு ஓடினேன். கறிக்கடை பாய் வீட்டில் கொழுப்பு வாங்கிவந்து, உன் அடுப்பில் நானே உருக்கினேன், நானே முக்கினேன். உறையவே இல்லை. விசிறினேன். தண்ணீர்ப் பானைமேல் வைத்தேன். மறுபடி விசிறினேன். லேசாக வெளுத்ததும் எடுத்துக்கொண்டு வந்தேன். கண்ணை மூடியிருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்து, பற்றவைத்து உன் விரல்களுக்குள் வைத்து, சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கொழுப்பு உருகி உன் விரலில் சொட்டியது. நீ கையை இழுக்கவில்லை.

உன் கையில் விளக்கைப் பிடித்திருந்ததற்குப் பாதிரியார்கூட என்னைப் பாராட்டினார். ஆனால் உன் உயிர் போகும்போது நீ தனியாகக் கிடந்தாய், அடுப்படியில் நான் கோரைக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் லைனில் யார் நோயில் படுத்தாலும் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். அவர்கள் எதைக் கேட்டாலும் வேறு யாரையாவது அனுப்புகிறேன். நான் எழுந்திருப்பதில்லை.