பேதிக்கு மருந்து

ஜூலை 11, திங்கள்

இரண்டு நாளாக மழை. ஏரியோரக் கிணறு டீ நிறத்தில். தெரு மொத்தமும் வெளிக்குப் போவது கிணற்றுக்கு மேலேயுள்ள மேட்டில்தான், மழைத் தண்ணீர் நேராகக் கிணற்றுக்குள். பிளீச்சிங் பவுடர் கேட்டு மூன்று வாரம். வந்தது பவுடர் இல்லை, நாற்பது பொட்டலம். உப்பும் குளுக்கோஸும் கலந்த தூள். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளை விட்டு இறங்காமலேயே எனக்குப் பாடம் நடத்தினார். போகிற தண்ணீரை வாய் வழியாகத் திரும்ப உள்ளே அனுப்பணும், இல்லாவிட்டால் பிள்ளை வறண்டே செத்துப்போகும். தெரியும் சார். நர்ஸ் ட்ரெயினிங்கில் தூங்கவில்லை நான்.

கூடவே ஒரு சர்குலர். "வயிற்றுப்போக்கிற்கான வாய்வழி நீரேற்றுக் கரைசல்." எவனுக்குப் புரியும் இது? தண்டோரா ஏழுமலைக்கு நானே எழுதிக் கொடுத்தேன்: பேதிக்கு மருந்து, நர்சம்மாகிட்ட சும்மா கிடைக்கும். சின்னப் பிள்ளைக்கும் புரியும். கொஞ்சம் பெருமைகூட.

வாங்க: ஸ்டவ் திரி, ம.எண்ணெய், சோப்பு 2.

ஜூலை 12, செவ்வாய்

வெயில், புழுக்கம். காலை எட்டு மணிக்கே சப்-சென்டர் வாசலில் கூட்டம். தண்டோராவுக்கு நல்ல பலன் என்று பார்த்தால் பேதி கண்டவர் ஒருத்தர்கூட இல்லை! டீக்கடைக் கண்ணப்பன், ஆள் குத்துக்கல் மாதிரி நிற்கிறார். உங்களுக்கு எதற்கு என்றால், "சும்மா தர்றத குடேம்மா, இன்னாத்துக்கு இத்தினி கேள்வி?" கொடுத்துத் தொலைத்தேன்.

அடுத்தது தனலட்சுமி. மூன்று பிள்ளைக்கு மூன்று பொட்டலம். மூன்றும் என் கண்ணெதிரே கோலி ஆடிக்கொண்டிருக்கின்றன. "ஞாயித்துக்கெயமதான் இஸ்கூல் லீவு, அன்னிக்கு குடுக்கறேன். மத்தியானம் ரசஞ்சோறு போட்டா போதுமில்ல?"

ரசமாம். பேதி என்ன, ஞாயிற்றுக்கிழமை பார்த்தா வரும்? இந்த ஊரில் இன்னும் இரண்டு வருஷம் குப்பை கொட்டினால் எனக்குப் பைத்தியம் நிச்சயம்.

மாலை நாலரைக்கு சரோஜா வீடு. செங்கல் சூளைக்குப் போகிறவள். பெண் குழந்தை செல்வி, பத்து மாதம். காலையிலிருந்து ஏழெட்டு தடவை தண்ணீராக. நாக்கில் ஈரம் இருக்கிறது, அழுதால் கண்ணீர் வருகிறது. இப்போதே கொடுத்தால் பயமில்லை. பொட்டலத்தைக் கையில் வைத்து, "பேதிக்கு மருந்து. இன்னிக்கே கரைச்சு குடு" என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள். எப்படிக் கரைப்பது என்று சொன்னபோது தலையைக்கூட ஆட்டவில்லை. திமிர்.

ஜூலை 13, புதன்

காலையிலேயே கண்ணப்பன் சண்டைக்கு. "இன்னா மருந்தும்மா குடுத்த? ஒரு சொம்பு முழுக்க குடிச்சேன், ஒண்ணியும் நடக்கல!"

"நடக்கலைன்னா நல்லதுதானேய்யா?"

"நல்லதா? நாலு நாளாச்சும்மா!"

போய்விட்டார். என்ன உளறலோ.

சரோஜா வீட்டுக்குப் போனேன். கதவை முழுசாகத் திறக்கவில்லை. "கொயந்த தூங்குது." மருந்து? "ஆவட்டும்மா." வாலாஜாபாத்தில் மீட்டிங், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வந்துவிட்டேன். உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

மீட்டிங்கில் டீ இல்லை, பேச்சு மட்டும். பிளீச்சிங் பவுடர் "பார்க்கலாம்."

ஜூலை 14, வியாழன்

எட்டரைக்கு சரோஜா வீட்டுக்குள் கேட்காமலே நுழைந்தேன். செல்வி பாயில், துணி மாதிரி. கண் குழிக்குள். வயிற்றுத் தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கிறது. அழுகிறது, கண்ணீர் இல்லை. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றுக்குப் போகவில்லையாம். தண்ணீரும் நிறுத்தியாச்சாம், குடித்தால் போகிறதென்று. பொட்டலம் மிளகாய் டப்பாவில். பிரிக்கவேயில்லை.

கத்திவிட்டேன். அறிவிருக்கா, நீயெல்லாம் ஒரு தாயா, என்னென்னவோ.

அவளும் கத்தினாள். "நீ நர்சாம்மா? ஏற்கெனவே தண்ணியா போய்க்கினு கீது. அதுக்குப் போயி பேதிக்கு மருந்து குடுன்றியே, எங்கொயந்த பொயைக்குமா? உனக்கு நான் இன்னா பாவம் பண்ணேன்?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டிலும் பள்ளிக்கூடம் லீவு விட்டால் அம்மா விளக்கெண்ணெயோடு வருவாள். "இன்னிக்கு உனக்குப் பேதிக்கு." மத்தியானம் ரசம் சாதம். ஊரில் எவள் காதில் விழுந்தாலும் பேதிக்கு மருந்து என்றால் பேதியாக வைக்கிற மருந்துதான். நாற்பது பொட்டலத்தையும் வயிறு கழுவும் மருந்து என்று டமாரம் அடித்தது நான்.

காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு எட்டு மணி பஸ் போய்விட்டது, அடுத்தது ஒன்றரை. வெந்நீர் வைத்து, ஆற்றி, கரைத்தேன். "பேதிய நிறுத்தற தண்ணி இது" என்று அவள் எதிரிலேயே அரை டம்ளர் குடித்துக் காட்டினேன். பிறகு ஸ்பூன். நிமிஷத்துக்கு ஒன்று. பத்து மணிக்கு வாந்தி. பத்து நிமிஷம் விட்டு மறுபடி. என் கை கடுத்தபோது சரோஜா வாங்கிக்கொண்டாள். பதினொன்றுக்குக் குழந்தை ஸ்பூனைக் கடித்தது, விடவில்லை.

பன்னிரண்டரைக்கு பஸ்ஸுக்கு என்று தூக்கினேன். மடியில் சூடாக. ஒன்றுக்குப் போய்விட்டது! சேலை முழுக்க. அழுகை வந்தது எனக்கு, அடக்கவில்லை. இருந்தும் பஸ் ஏறினோம். டாக்டர் பார்த்துவிட்டு, பொட்டலமே போதும், தாய்ப்பாலை நிறுத்தாதே என்றார். ராத்திரிக்குள் ஊர் திரும்பினோம்.

ஜூலை 15, வெள்ளி

மேகமூட்டம். தலைவலி. பொட்டலம் கொண்டுபோன வீடுகளுக்கெல்லாம் காலையிலிருந்து நடை. தனலட்சுமிக்கு ஏமாற்றம், இது வயிறு கழுவாதா என்று.

மத்தியானம் சரோஜா வந்தாள். இடுப்பில் செல்வி, கையில் முருங்கைக் கீரை. வாசலோடு நின்றாள். "நேத்து உன்ன கண்டபடி பேசிட்டேம்மா. படிக்காதவ, புத்தி கெட்டுப்போயி பேசிட்டேன். மனசுல வெச்சிக்காத."

நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்கிறாள். "தப்பு உன்மேல இல்லை, என்மேல" என்று நாலே வார்த்தை. அதைச் சொல்லாமல் கீரையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

"பரவாயில்லை, போ" என்றேன்.

பரவாயில்லையாம். என்ன கொழுப்பு எனக்கு.