ஒன்பது கேட்டும் ஒரு வாடகை வீடும்

என் மல்லிகா அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் முதல் ஆளாக வந்து நின்றிருப்பாய். உன் தங்கச்சி வரைந்த படங்களைக் கோலாலம்பூரில் ஒரு காட்சிக்கூடத்தில் மாட்டினார்கள் அக்கா. ஒன்பது படம். ஒன்பதும் வாசல் கேட். நாம் ரெண்டு பேரும் வீடு கேட்டுப் போய், கிடைக்காமல் திரும்பிய ஒன்பது வீடுகளின் கேட்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நம்ம கதை தெரியாது, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் நாம் இருந்த வீட்டை ஓனர் விற்றுவிட்டார், வேறு வீடு கிடைக்கும்வரை என்று ஒரு ஒற்றை ரூமுக்கு மாறினோம். உனக்குப் போர்ட் கிள்ளானில் லோரி கம்பெனி ஆபீஸில் வேலை, எனக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அச்சுக்கடையில் டிசைன் வேலை. ரெண்டு பேர் சம்பாதிக்கிறோம், ஒரு சின்ன வீடு கிடைக்காதா என்று தெம்பாகத்தான் கிளம்பினோம்.

போனில் நீ பேசுகிற மலாய் அவ்வளவு சுத்தம். உடனே வந்து பார்க்கச் சொல்வார்கள். நேரில் நம்ம முகத்தைப் பார்த்ததும் சாவி தொலைந்துபோகும், இல்லை வேறு யாரோ எடுத்துவிட்டிருப்பார்கள். ஒரு ஏஜென்ட் பெண் மட்டும் நேராகவே சொன்னாள், "சாரி ஆன்டி, இந்தியருக்குக் கொடுக்க வேண்டாம்னு ஓனர் சொல்லிட்டாரு." சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நீதான் அவள் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாய். நமக்கு யார் சொல்வது என்று காரில் வரும்போது கேட்டேன். "விடு லா" என்று மட்டும் சொன்னாய்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வீடு நம்ம ஆளுடையது. உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். அப்பா எந்த எஸ்டேட்டில் இருந்தார் என்று விசாரித்தார். ரப்பர் மரம் சீவினவர் என்று நீ பெருமையாகச் சொன்னாய். கொஞ்ச நேரத்தில், மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், வீடு அவனுக்கு வேணும் என்றார். ஒரு மாதம் கழித்தும் வாடகைப் பலகை அங்கேயே தொங்கியது.

எல்லா கேட்டையும் போல அதையும் நீ போனில் படம் எடுத்தாய். இது நம்ம ஆள் வீடுதானே, விட்டுடேன் என்றேன்.

"நம்ம ஆளுன்னா விட்டுடுவியா? அப்புறம் மத்தவங்களை எந்த மூஞ்சியோட கேட்பே?"

நீ ஆபீஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, நாம் இன்னும் அந்த ஒற்றை ரூமில்தான் இருந்தோம். மறுபடி வீடு என்று ஒன்றில் குடியேறாமலே போய்விட்டாய். உன் போனில் அந்த ஒன்பது படமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஆளுயரத்துக்கு வரைந்தேன். துரு, பூட்டு, தபால் பெட்டி, ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றின் கீழேயும் அந்த வீட்டில் நமக்குச் சொன்ன பதிலை எழுதினேன்.

காட்சிக்கூடத்து மேனேஜர் கெட்டவர் இல்லை. திறப்புக்கு ரெண்டு நாள் முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். படம் இருக்கட்டும், எழுத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். இது இன விவகாரம், யாராவது புகார் கொடுத்தால் இடத்தையே மூட வேண்டி வரும், இன்னும் நாலு பேர் படமும் இங்கே இருக்கிறது என்றார். சண்டை போட்டிருக்கணும். போடலை அக்கா. என் கையாலேயே வெள்ளைப் பெயின்ட் அடித்தேன்.

வந்தவர்களெல்லாம் பழைய கேட் என்ன அழகு என்றார்கள். ஒரு அம்மா நீலக் கேட்டை மகளுக்கு வீடியோ காலில் காட்டி, நம்ம ஹாலுக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன்.

இன்னொன்றை உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு இப்போது காஜாங்கில் ஒரு வீடு இருக்கிறது. அச்சுக்கடையில் என்னோடு வேலை செய்கிற சீனப் பெண் மெய் லிங் தன் பேரில் எடுத்துக் கொடுத்தாள். ஓனரைப் பொறுத்தவரை அங்கே குடியிருப்பது அவள்தான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வீட்டைப் பார்க்க அவர் வருவார். அன்றைக்கு என் செருப்பு, சாமி படம், மாலை போட்ட உன் படம் எல்லாவற்றையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் போனதும் மெய் லிங் மெசேஜ் அனுப்புவாள்.

வெளியே நின்றபோதாவது திட்ட வாய் இருந்தது. உள்ளே வந்த பிறகு அதுவும் போய்விட்டது. இதற்கா இத்தனை வீடு ஏறி இறங்கினோம்?

போன வாரம் படங்கள் திரும்பி வந்தன. ஒன்றுகூட விற்கவில்லை. வெள்ளையைச் சுரண்டிவிட்டு மறுபடியும் எழுதினேன். ஹாலில் மூன்றுதான் கொள்ளும், பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டையும் சேர்த்து மாட்டினேன். மெய் லிங் வந்து மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"போகச் சொன்னா எங்கே போவே?" என்று கடைசியில் கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். வாடகை ஒப்பந்தத்தில் உன் கையெழுத்துதானே இருக்கிறது, வம்பு உனக்குத்தானே என்று அவளிடம் சொன்னேன். ஆனாலும் அவள் படத்தைக் கழட்டச் சொல்லவில்லை.

நாளை மறுநாள் ஓனர் வருகிற சனிக்கிழமை. நான் ஸ்டேஷனுக்குப் போக மாட்டேன். கதவை நான்தான் திறப்பேன். இங்கே குடியிருப்பது நான்தான் என்று என் வாயால் சொல்வேன். அவர் என்ன பதில் சொன்னாலும் அதையும் எழுதி வைப்பேன், அதன்மேல் பெயின்ட் அடிக்க மாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது அக்கா. இருந்தாலும் உனக்கு இப்போது கொடுத்த வாக்கு வாக்குதான்.

உன் கூடப்பிறந்தவள்,
சாந்தி