பீடமில்லாத தூண்

அன்புள்ள அப்பாவுக்கு மகன் எத்தியேன் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? எனக்குக் கொசுக்கடியைத் தவிரக் குறையில்லை.

ரோமில் கட்டடக்கலை படிக்கும் நாங்கள் தெற்கே பெஸ்தம் என்ற ஊருக்கு வந்து பழைய கிரேக்கக் கோயில்களை அளந்து வரைகிறோம். தூண்களுக்கு அடியில் பீடத்தைக் காணோம். மண்ணில் புதைந்திருக்கும் என்று இரண்டு நாள் தோண்டினேன். எருமை மேய்க்கும் கார்மினே விழுந்து விழுந்து சிரித்தார்.

“தரையிலயேதான் நிக்குது தம்பி, என் எருமை மாதிரி. எருமைக்கு எவனாச்சும் பீடம் போடுவானா?”

மெய்தான். பூவேலை, சுருள்வேலை ஏதுமின்றி என்ன கம்பீரம்! இனி இப்படித்தான் கட்டப்போகிறேன்.

நேர் பார்க்க உங்கள் தூக்குக்குண்டை அனுப்புங்கள். இங்கும் கிடைக்கும், இருந்தாலும் அனுப்புங்கள்.

தபால் வண்டி கிளம்புகிறது. நம்மூரில் கட்டும் சந்தை மண்டபத்துத் தூண்களுக்கு நீங்கள் பீடம் செதுக்க வேண்டாம். ஊரார் கேட்டால், இத்துடன் வைத்திருக்கும் இந்தக் கோயில் படத்தைக் காட்டுங்கள். மண்டியிட்டுப் பீடம் செதுக்கித்தானே முழங்கால் போனது? எழுந்திருங்கள், அப்பா.