கொட்டில் கிழமை

ஒக்டோபர் 14, திங்கள்

விடிய முதல் தூறல். நேர்ஸ் வேலையில் இன்றைக்கு ஒன்பது வீடு. ஐந்தாவது, வடக்கு லண்டன் ஸ்ரம்போர்ட் ஹில், திருமதி பி., வயது 81, இடது காலில் ஆறாத புண். கட்டு மாற்றக் கால் மணித்தியாலம் போதும். ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டேன். பிறகு போன நான்கு வீட்டிலும் என்ன செய்தேன் என்று நினைவில்லை. ஊசி மாறிப் போடவில்லை, அந்தளவில் கடவுள் புண்ணியம்.

நடந்தது இதுதான். கை கழுவக் குசினிக்குப் போனேன். யன்னலுக்கு வெளியே, பின்வளவில், திருமதி பி.யின் மகன்மார் இரண்டு பேர் பலகை அடித்துக் கொட்டில் போடுகிறார்கள். மேலே வெட்டின கொப்புகள், இடைவெளி விட்டு. உள்ளே கயிற்றில் ஆப்பிள், சோளப்பொத்தி, கடதாசிச் சங்கிலி.

எங்கள் கொட்டில்! பிளேஸ்டோவில் எங்கள் பின்வளவில் ஒவ்வொரு வருடமும் இலையுதிர் காலத்தில் அம்மா போடுவித்த அதே கொட்டில். இங்கே திருமதி பி.யின் பக்கத்து வளவிலும் ஒன்று. அதற்கடுத்த வீட்டு பல்கனியிலும் ஒன்று. என் கையில் சவர்க்காரம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"மேலே ஏன் மூடவில்லை? மழை வருமே" என்று இங்கிலிஷில் கேட்டேன். பதில் தெரிந்துகொண்டே கேட்டேன். திருமதி பி. சிரித்தார். மழை பெய்தால் உள்ளே விழவேண்டுமாம். வானம் தெரியாவிட்டால் அது கொட்டிலே இல்லையாம்.

அம்மாவின் சொல். அப்படியே. அப்பா ஒருமுறை நீலத் தறப்பாளை இழுத்து மூடிவிட்டு அம்மாவிடம் நல்ல யாழ்ப்பாணத் தமிழில் வாங்கிக் கட்டினவர்: "எடுங்கோப்பா அதை! வானம் தெரியாட்டில் உதென்ன கொட்டில்?"

அம்மாவைப் பற்றித் தெரிந்ததை எழுதிப் பார்க்கிறேன்:

– வெள்ளைக்காரி. பிறந்தது லண்டன். அப்பா படிக்க வந்த இடத்தில் கண்டு, கட்டி, சேலையும் பொட்டும் புட்டும் பழகியவர்.
– சனிக்கிழமை ரெலிபோன் எடுக்கமாட்டார். எங்களையும் இழுத்துக்கொண்டு காடு, குளம், நடை. மழையென்றாலும் நடை.
– முருகன் கோயிலுக்கு எங்களோடு வருவார். உள்ளே வராமல் வெளியில் மரத்தடியில் நிற்பார்.
– ஆப்பிள் பூக்கிற காலம் மரத்துக்குக் கீழே நின்று ஏதோ முணுமுணுப்பார். கேட்டால், "ஒண்டுமில்லை, நன்றி சொன்னனான்."
– கொட்டில். ஏழு நாளும் சாப்பாடு அதற்குள்.

நாங்கள் என்ன நினைத்தோம்? அறுவடைக்கு வெள்ளைக்காரர் செய்கிற வழக்கம் என்று! மூன்று வீடு தள்ளியிருந்த சாந்தி அன்ரி, "இஞ்சத்தை முறையாம்" என்று தானும் இரண்டு வருடம் போட்டார், வாழையிலைத் தோரணத்தோடு.

எங்கள் கொட்டிலைப் பற்றிச் சொன்னேன். திருமதி பி. கேட்டார், அம்மாவின் அம்மா எந்த ஊர் என்று. வியன்னா. 1939இல், ஒன்பது வயதில் தனியே, ரெயிலும் கப்பலுமாக இங்கே வந்தவர். நான் பிறக்கமுதல் இறந்துவிட்டார். சொல்லிக்கொண்டு போகும்போதே என் சொல்லே என் காதில் விழுந்தது. வியன்னா. ஒன்பது வயது. தனியே. நாற்பத்தேழு வருடம் இது என் மண்டையில் ஏறவில்லையே! "யுத்தத்துக்குத் தப்பி வந்தவ, எங்களை மாதிரி" என்பதோடு விட்டுவிட்டோம். எங்கள் சனத்தில் யார்தான் தப்பி வராதவர்.

திருமதி பி. என் கையைப் பிடித்தார். "இந்தக் கொட்டில் யூதரின் திருநாள். உன் அம்மா யூதர். எங்களுக்குத் தாய்வழி. ஆகவே நீயும்தான்." பிறகு, அம்மாவை எங்கே அடக்கம் செய்தீர்கள் என்றார்.

எரித்தோம் என்றேன்.

கையை விடவில்லை. பிறகு மெதுவாக, "நாங்கள் எரிப்பதில்லை, மகளே."

அம்மாவின் சாம்பல் எங்கள் முன்னறையில், பெட்டியில். வருகிற ஞாயிறு அம்மா போய் முப்பத்தோராம் நாள். சவுத்தெண்ட் கடலில் கரைக்கப் படகு பதினொரு மணிக்கு.

ஒக்டோபர் 15, செவ்வாய்

வெயில். கண்ணுக்குக் குத்துகிற வெயில். நித்திரை இல்லை.

செய்ய வேண்டியது: சீருடை தோய்க்க. அப்பாவின் பிரஷர் குளிசை. குமரனுக்குச் சொல்ல.

தம்பி குமரன் குட்மேய்ஸில் இருக்கிறான். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உடுப்பு மடித்தபடியே எல்லாம் சொன்னேன்.

"அக்கா, உனக்கென்ன விசரோ? ஒரு கொட்டிலைப் பாத்திட்டு அம்மாவை யூதப் பொம்பிளை எண்டுறாய்."

"ஏழு நாள். ஒரே கிழமை. மேலை மூடக்கூடாது. சனிக்கிழமை போன் இல்லை. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"அப்ப நாங்கள் ஆர்?"

"எனக்குத் தெரியாது. படகை நிப்பாட்டு. சாம்பலை எண்டாலும் மண்ணுக்கை வைப்பம்."

"அறுபது பேருக்குச் சாப்பாடு சொல்லியாச்சு! நான் கோயில் நிர்வாகத்திலை இருக்கிறவன், தெரியும்தானே. ஐயருக்கு மட்டும் சொல்லிப்போடாதை."

வைத்துவிட்டான். ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுத்தான். "அப்பாவுக்குத் தெரியுமோ?"

அதுதான் எனக்கும் கேள்வி. அப்பாவைக் கேட்கப் பயமாக இருக்கிறது. அவருக்கு எழுபத்தொன்பது. மனிசி போய் ஒரு மாதமும் இல்லை.

ஒக்டோபர் 16, புதன்

முகில். காற்று. திருமதி பி.யின் புண் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. அவர்கள் ஆட்களில் சாம்பலை ஏற்கமாட்டார்களாம். வேறு பிரிவினர் சிலர் சாம்பலையும் குழிக்குள் வைப்பார்களாம். அவர்களின் நம்பரைத் துண்டில் எழுதித் தந்தார். இன்று பொழுது பட்டால் கொட்டில் கிழமை தொடக்கமாம்.

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தவுடன், சீருடையோடேயே, கராஜில் இருந்த பழைய பலகைகளை இழுத்தேன். வேலியோரத்துப் பச்சையெல்லாம் வெட்டினேன். ஆணி வளைந்தது. பெருவிரலில் சுத்தியலால் ஒன்று. தூஷணம் இரண்டு. அப்பா யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டே நின்றார். என்ன ஏது என்று ஒரு கேள்வி இல்லை. கடைசியில் யன்னலைத் திறந்து:

"கொப்பைக் குறுக்கை போடு பிள்ளை. நெடுகப் போட்டால் விழும்."

அவ்வளவுதான். யன்னலைச் சாத்திவிட்டார்.

ஒக்டோபர் 19, சனி

லீவு. ரெலிபோனை நிற்பாட்டி அலுமாரிக்குள் வைத்தேன். நேர்ஸாகி இருபத்திரண்டு வருடத்தில் முதல் தரம். வன்ஸ்ரெட் காட்டுப் பக்கம் நடந்தேன், பஸ் எடுக்காமல். முதல் ஒரு மணித்தியாலம் கை சும்மா சும்மா பொக்கற்றைத் தடவினது.

குளத்தைத் தாண்டிச் செஸ்நட் மரங்கள். முட்கோது வெடித்துப் பருப்பு பளபளவென்று நிலமெல்லாம். குனிந்தேன். கை நின்றுவிட்டது. அம்மா விடமாட்டார்: "இண்டைக்கு ஒண்டும் முறிக்காதை, பொறுக்காதை. சும்மா பார்." ஞாயிறு ஓடிவந்து பார்த்தால் எல்லாம் அணில் கொண்டுபோயிருக்கும். குமரன் நிலத்தில் விழுந்து அழுவான். எனக்கும் அம்மாவில் அப்படி ஒரு ஆத்திரம் வரும்.

இன்றைக்கு எடுக்காமல் நின்றேன். அந்த மரத்துக்கு நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கட்டு மாற்ற வேண்டியதில்லை, எழுதி வைக்க வேண்டியதில்லை. காற்று வர, காய்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. சடாரென்று உடம்பெல்லாம் புல்லரித்தது. யாரோ இருக்கிறார்கள். அம்மா இல்லை, அம்மா என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் அம்மா இல்லை. அம்மா சனிக்கிழமைகளில் யாரிடம் வந்தாரோ, அவர். பயந்துபோனேன். கோயிலில் எத்தனை திருவிழா நின்றிருக்கிறேன், இப்படி வந்ததில்லை. எழுத வெட்கமாகவும் இருக்கிறது. அழுதுகொண்டு நின்ற என்னை ஒரு நாய் வந்து மணந்துவிட்டுப் போனது.

வீடு திரும்ப இரண்டு மணி. அப்பா கொட்டிலுக்குள் கதிரை போட்டு, சோறும் பருப்பும் வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கும் ஒரு கோப்பைச் சோறு. தூறத் தொடங்கினது. இரண்டு பேரும் எழும்பவில்லை.

"அப்பா, அம்மா யூதப் பொம்பிளை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"கட்ட முதலே."

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

கோப்பையைக் கீழே வைத்தார். "தாய்க்காரி அவவைப் பயப்பிடுத்தி வளத்தவ, வெளியிலை சொல்லாதை எண்டு. அதாலை, பிள்ளையள் கேட்டால் சொல்லுங்கோ, கேளாட்டில் விடுங்கோ எண்டவ. ஒவ்வொரு வருஷமும் கொட்டில் போடேக்கை உங்கடை முகத்தைப் பாத்துக்கொண்டிருப்பா, ஆரும் கேக்கினமோ எண்டு. நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை."

செருப்பால் அடித்திருந்தால் பரவாயில்லை. நாற்பத்தேழு வயது. ஒருமுறை, ஒரேயொரு முறை, ஏனம்மா என்று கேட்டிருக்கலாம்.

"அவையள் எரிக்கிறேல்லையாம் அப்பா. நாங்கள் எரிச்சுப்போட்டமே!"

"அவவை நான் கேட்டனான் பிள்ளை. 'உங்கடை ஆக்களின்ரை இடத்திலை அடக்கம் பண்ணக் காணி எடுப்பம்' எண்டு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினனான். மாட்டன் எண்டிட்டா. அவவின்ரை அம்மம்மா, அம்மப்பா, மாமன்மார், பெரியம்மா, பிள்ளையள், எல்லாரையும் நாசிக்காரங்கள் சாக்காட்டி எரிச்சவங்கள். ஒருத்தருக்கும் குழி இல்லை. 'அவைக்கு இல்லாத குழி எனக்கென்னத்துக்கு, அவை போன வழியாலை நானும் போறன்' எண்டவ."

சோற்றுக்குள் மழை. அப்பா அதையே சாப்பிட்டு முடித்தார்.

பொழுதுபட்ட பிறகு ரெலிபோனை வெளியே எடுத்துக் குமரனுக்கு எல்லாம் சொன்னேன். "படகு இருக்கட்டும்" என்றேன். "ஓம்" என்றான். திருமதி பி. தந்த துண்டைக் கிழிக்க மனம் வரவில்லை. இந்தக் கொப்பிக்குள் கிடக்கிறது.

ஒக்டோபர் 20, ஞாயிறு

சவுத்தெண்ட். பேய்க் காற்று. படகில் நாங்கள் மூன்று பேரும் ஐயரும் படகுக்காரரும். ஐயர் வேட்டிக்கு மேல் தடித்த ஜக்கெற், அதற்கு மேல் செம்மஞ்சள் மிதவைச் சட்டை. வேறு நாளென்றால் சிரித்திருப்பேன்.

குமரன் சாம்பலைக் கரைத்தான். நினைத்ததைவிட வெள்ளை. நினைத்ததைவிடக் கெதியாகப் போய்விட்டது.

பிறகு எள்ளும் தண்ணீரும். ஐயர் வழமைபோல அம்மாவின் தாய், தாயின் தாய் பேர் கேட்டார். செத்தவீட்டில் கேட்டபோது குமரன் தெரியாது என்று சொல்லி, அவர் ஏதோ சொல்லி நிரப்பினவர். இன்றைக்கு அப்பா வாய் திறந்தார்.

"தாய் எல்சா. தாயின்ரை தாய் ஹன்னா."

ஐயர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மந்திரத்துக்குள் அந்தப் பேர்களை வைத்துச் சொன்னார்.

"வேறை ஆருக்கும் இறைக்கவேணுமெண்டால் பேரைச் சொல்லுங்கோ." எல்லோரிடமும் கேட்பது. அநேகம் பேர் இல்லை என்பார்கள்.

"இருக்கினம் ஐயா," என்றார் அப்பா. "பத்துப் பேர்."

கடதாசி இல்லை, கண்ணாடி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நாற்பத்தெட்டு வருடம் கொட்டிலுக்குள் அம்மா இந்தப் பேர்களைச் சொல்ல, பக்கத்தில் இருந்து கேட்டது. நாங்கள் அதை ஏதோ இங்கிலிஷ் தேவாரம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டோம். யாக்கோப். லியோ. ரோசா. ஒவ்வொன்றாக. ஐயர், "கொஞ்சம் மெல்லச் சொல்லுங்கோ ஐயா, பிழைக்கப்படாது" என்றார். குமரன் கையை ஏந்திக்கொண்டிருந்தான், கோயில் நிர்வாகம், முகமெல்லாம் தண்ணீர்.

"கடைசி மிரியம். அவளுக்கு மூண்டு வயசு."

எள்ளு முடிந்துவிட்டது. ஐயர் குனிந்து கடல் தண்ணீரையே அள்ளி குமரனின் கையில் விட்டார்.