வெறுந்தொட்டிலும் ஆறு படகுகளும்

சீர் பெருகுக. செங்கழை நாட்டை ஆளும் இளங்கோதைத் தேவி, குருந்தங்கரை ஆற்றோரப் பாசறையிலிருந்து எழுதுவிக்கும் ஓலை. புன்னைமுகத் துறையின் கலத்தலைவரும், எம் அன்னைக்கு இளையவருமான அம்மான் மாறவேள் அவர்கள் காண்க. தங்கள் துறைக்கு வரும் கலங்கள் குறையின்றிக் கரை சேர்க. தங்கள் உப்பளங்கள் பொலிக. தங்கள் மனையில் உள்ளோர் யாவரும் நலம் பெற்று வாழ்க.

தங்கள் ஓலை நேற்று வந்தது. மேலணை உடைந்து ஆறு இவ்வூர்ப் பக்கம் திரும்பியதும், நானூறு பேரையும் அக்கரை சேர்க்கத் தாங்கள் பன்னிரண்டு படகுகளை அனுப்பினீர்கள். அவை போதும் என்று யாமும் நம்பினோம். வீட்டுக்கு ஒரு முறை படகு வரும், அதில் கொள்வதைக் கொண்டு மற்றதை விட்டு வாருங்கள் என்று தலைநகரில் அமர்ந்தபடி ஆணையும் இட்டோம். பத்து நாளில் கடந்தவை ஒன்பது குடும்பங்களே; மற்றோர் தம் பொருளை விட்டு வர மறுத்தனர். இப்போது யாம் வேண்டிய மேலும் ஆறு படகுகள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டதை எழுதுகிறோம்.

யாமே இங்கு வந்து வீடு வீடாகச் சென்றோம். உடைந்த உலக்கை, திறவுகோல் தொலைந்த பெட்டி, ஒற்றைக் கதவு, அடி ஓட்டையான அண்டா. இவை எதற்கு என்று கேட்டால், வேண்டும் என்றார்கள். ஏன் வேண்டும் என்றால், அவற்றை இன்னும் இறுகக் கட்டினார்கள். படைவீரரை விட்டுக் கதவுகளை உடைத்து ஆட்களை வெளியேற்றலாம் என்று எம்முடன் வந்த தளபதி சொன்னார். சினத்தில் யாமும் தலையசைக்க இருந்தோம். அதற்குள் நன்னாகன் வீட்டு வாசல் வந்துவிட்டது.

நன்னாகன் எண்ணெய் வணிகன், ஐம்பது கடந்தவன். அவன் மனைவி எயினி. பிள்ளை இல்லை. மணமான ஆண்டில் வாங்கிய பலாமரத் தொட்டில் ஒன்று பாதி அறையை அடைத்துக் கிடந்தது. ஒரு நாளும் ஆடாத தொட்டில். அதை ஏற்றினால் நெல் மூட்டைகளுக்கு இடமில்லை. நன்னாகனைத் தனியே அழைத்துக் கேட்டோம். அதைக் காணும்போதெல்லாம் தனக்கு நெஞ்சு வலிப்பதாகவும், விட்டுவந்தால் எயினி உடைந்துபோவாள் என்பதால் வைத்திருப்பதாகவும் கூறினான். பின்னர் எயினியைக் கேட்டோம். அவளும் அதையே சொன்னாள்: தனக்கு அது வேண்டாம் என்றும், கணவனுக்காகவே இருபத்தேழு ஆண்டுகளாகத் துடைத்து வைப்பதாகவும்.

அம்மான், எமக்கு மகிழ்ச்சி பொங்கியது. முடிச்சு அவிழ்ந்தது என்று எண்ணினோம். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொன்னோம். பிறகு நன்னாகன் குனிந்து தொட்டிலின் ஒரு முனையைப் பிடித்தான். எயினி மறுமுனையைப் பிடித்தாள். வெளியே எறியப் போகிறார்கள் என்று வழிவிட்டோம். அவர்களோ அதைத் துறைக்குச் சுமந்து சென்று, படகில் ஏற்றியிருந்த நெல் மூட்டைகளை இறக்கிக் கரையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தொட்டிலை வைத்தார்கள்.

வேண்டாம் என்று இருவருமே சொன்ன பொருள் அல்லவா என்று கேட்டோம். எயினி எம் முகத்தைப் பாராமல் சொன்னாள்:

“இம்புட்டு வருசமா எனக்காகத்தான் அவுக இத வச்சிருந்தாகன்னு இன்னிக்குத்தானே தாயி தெரிஞ்சுது. இனிமே எப்படி விட்டுட்டு வர்றது?”

அதன்பின் எந்த வீட்டினுள்ளும் யாம் நுழையவில்லை. தேவையற்றது என்று மெய்ப்பிக்கச் சென்ற யாமே அத்தொட்டிலைத் தேவையானதாக்கிவிட்டோமா? அவள் சொன்னது அறியாமையா, எமக்கு எட்டாத அறிவா? அரியணையில் பதினோராண்டு வழக்குத் தீர்த்த எமக்கு இது தெரியவில்லை. தளபதியிடம் மட்டும், கதவுகளைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டோம். அவரும் ஏன் என்று கேட்டார்.

ஆனால் நீர் காத்திராது. இன்னும் ஏழு நாளில் ஊர் மூழ்கும் என்கிறார்கள் ஆறறிந்தோர். ஆகவே இந்த ஓலை கண்ட பொழுதே ஆறு பெரும்படகுகளைப் புறப்படச் செய்க. நெல்லைக் கரையில் விட்டு வருவோர் பலராவர். அவர்கள் பசியாதிருக்கத் தங்கள் களஞ்சியத்து அரிசியை அக்கரையில் இறக்கி வைக்க. ஏற்றும் பொருள் எதுவாயினும் அது எதற்கென்று படகோட்டிகள் எவரும் வினவ வேண்டா. வினவி அறிந்தவர் யாம். அறிந்தும் எமக்கு விளங்கவில்லை.

இது எம் ஆணை. மூங்கில் முத்திரை இட்டு, எம் கையால் கட்டி அனுப்பினோம். தங்கள் குலம் தழைக்க.