சேத்துப்பட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிய அண்ணிக்கு

அண்ணி,

இன்று காலை பக்கத்துத் தெருவில் தறிக்குப் போகிற பட்டு இழைகளைப் பாவாக நீட்டியிருந்தார்கள். வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது கஞ்சி வாசனை காற்றோடு வந்தது. பட்டு இழைகள்மேல் தெளிக்கிற அந்த அரிசிக் கஞ்சியின் லேசான புளிப்பு, இந்த ஊரில் பிறந்த எங்களுக்கெல்லாம் பழகிப்போய் மூக்கில் ஏறாத வாசனை. எனக்கும் அப்படித்தான் இருந்தது, நீங்கள் ஒருநாள் அந்தப் பாவின்மேல் போய் விழுகிற வரைக்கும். இப்போது அந்த வாசனை வந்தால் முதலில் சிரிப்பு வருகிறது. அப்புறம் கையில் இருக்கிற வேலை ஓடமாட்டேன் என்கிறது. இன்றும் வாளியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தவள் சும்மா இருக்க முடியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் எதிரில் வருகிற சைக்கிள்காரன் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும் என்று அண்ணன் கேலி செய்வார். பொய்யில்லை. நீங்கள் பொழுதெல்லாம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் பக்கத்து வீட்டில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து புடவைகளுக்கு பால்ஸ் அடித்துக்கொண்டிருப்பேன். உட்கார்ந்தே பெருத்தவர்கள் நாம். அதைப் பற்றி உங்களுக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. யாராவது உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர்களுக்கு முன்னால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள்.

சேத்துப்பட்டில் உங்கள் அம்மாவைப் பார்க்கக் கிளம்பிய அந்த நாளிலும் நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். நாம் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. கையில் பைகளோடு இரண்டு பேரும் ஓடினோம். ஓடினோம் என்று நாம்தான் நினைத்துக்கொண்டோம். படியில் நின்ற கண்டக்டர் நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அடுத்த வண்டில வாங்கம்மா, ஜன்னலோரம் ரெண்டு பேருக்கும் தனித்தனி சீட்டு கெடைக்கும்” என்று சொல்லி விசிலை ஊதினான். பஸ்ஸுக்குள் நாலு பேர் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தபடியே வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். மூச்சு அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கிய பிறகு பார்த்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

“ஒரு பஸ்ஸ ஓடிப் புடிக்க முடியல பாரு சுமதி. நாளைக்குக் காத்தால எழுந்து ஓடப் போறேன்” என்றீர்கள்.

“எங்க ஓடப் போறீங்க?”

“எங்கயும் இல்லடி. சும்மா ஓடப் போறேன்.”

கோபத்தில் சொல்கிறீர்கள், வீட்டுக்குத் திரும்பியதும் மறந்துவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் இருட்டு பிரியும் முன்பே என் வீட்டு ஜன்னலைத் தட்டினீர்கள். சுடிதாருக்கு மேலே அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் ஓட்டம், அதற்கடுத்த கம்பம் வரைக்கும் நடை. மூன்றாவது நாள் செருப்பு வார் அறுந்தது. வாசலில் கிடந்த அறுந்த செருப்பை அண்ணன் எழுந்து வந்து கையில் எடுத்துப் பார்த்தார். அன்று சாயங்காலமே பஜாருக்குப் போய் ஒரு ஷூ வாங்கிக்கொண்டு வந்தார். நீலக் கலர். அளவு சரியாக இருந்தது. “பொண்டாட்டி கால் அளவு தெரிஞ்ச ஆம்பள ஆரணியிலேயே இவர் ஒருத்தர்தான்” என்று நீங்கள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

டீக்கடை முக்கில்தான் பெரிய பேஜார். “யம்மா, தரையே அதிருது” என்று ஒருத்தன் பெஞ்சிலிருந்து சொன்னான். “அப்போ டீய கீழ வச்சிட்டுப் பேசு தம்பி, மேல கொட்டிக்கப் போற” என்று நீங்கள் ஓட்டத்தை நிறுத்தாமலே பதில் சொன்னீர்கள். உங்களோடு ஓடிவந்த நானோ கூசிக் குறுகிப்போனேன். அதற்கப்புறம் கொஞ்ச நாள் வயிற்றுவலி, தலைவலி என்று சாக்குச் சொல்லி வராமல் இருந்தேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. தினமும் ஜன்னலைத் தட்டிவிட்டுத் தனியாகப் போனீர்கள்.

பாவு விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. பொழுது விடிவதற்கு முன் நம் தெருக் கஸ்தூரி அக்கா வீட்டுக்காரர்கள் தெரு நீளத்துக்கும் பாவை நீட்டி, கஞ்சி தெளிக்கத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாய் ஒன்று உங்களைத் துரத்தியிருக்கிறது. நீங்கள் திரும்பி நாயைப் பார்த்துக்கொண்டே ஓடி, நேராகப் பாவின்மேல் விழுந்துவிட்டீர்கள். கஸ்தூரி அக்காவின் குரல் என் வீடு வரைக்கும் கேட்டது.

“எரும மாதிரி வந்து உழுந்துட்டியே! கண்ணு தெரியல? நீயும் தறிக்காரி தான?”

நான் ஓடி வந்தபோது முழங்கையில் ரத்தம் வடிய நீங்கள் தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தீர்கள். ஓடுவதற்குத்தான் நீங்கள் புதிது. இழை முடிவதில் உங்கள் விரலுக்கு ஈடு கிடையாது. எதிர் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கூட உட்கார்ந்தார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போது, திட்டி ஓய்ந்துபோன கஸ்தூரி அக்காவே கேட்டார்: “அது சரி, ஏம்மா இந்த ஓட்டம் ஓடற? இன்னாதான் கெடைக்குது?”

நீங்கள் தலைகூட நிமிரவில்லை. “பகல் முழுக்க என் காலு தறியோடது க்கா. மிதிக்கட்டை சொல்றதத்தான் கேக்குது. காத்தால அந்தக் கொஞ்ச நேரம்தான் அது என்னுது.”

யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் கஸ்தூரி அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு தெருமுனையில் நின்றார். “ஓடல்லாம் மாட்டேன். கூட வந்து பாக்கறேன், அவ்வளவுதான்” என்றார். கோட்டை மைதானத்தை நெருங்கும்போது நமக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நைட்டிமேல் மகனுடைய டீ ஷர்ட், சுடிதார், புடவை என்று எப்படி முடியுமோ அப்படி. முழங்கால் வலிக்காரி, சர்க்கரை வியாதிக்காரி, மாமியாரிடம் பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் எல்லோரும் இருந்தார்கள். நானும் வெட்கத்தை விட்டு வந்து சேர்ந்துகொண்டேன். நீங்கள் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. “பேசிகினே ஓடுங்க. பேச முடியலன்னா நடங்க” என்பீர்கள், அவ்வளவுதான். அதனால் நம் கூட்டத்தில் ஓட்டத்தைவிடப் பேச்சுதான் அதிகம்.

ஒருநாள் சேத்துப்பட்டு பஸ்ஸை ஓடிப் பிடித்தும்விட்டீர்கள். நான் கீழே நின்று கைதட்டினேன். படியில் ஏறி நின்று ஜெயித்த மாதிரி கையை ஆட்டிக்கொண்டு போன நீங்கள், கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் திரும்பி வந்தீர்கள். அது வந்தவாசி பஸ். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் இப்போது அழுகிறேன்.

போன ஆடியில் அது நடந்தபோது நீங்கள் ஓடிக்கொண்டிருக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்தீர்கள். நெஞ்சில் ஏதோ கனமாக இருக்கிறது என்று எழுந்து போய்ப் படுத்தீர்கள். வேலூர் போய்ச் சேருவதற்குள் ஆம்புலன்சிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் அப்பாவும் தம்பியும்கூட இப்படித்தான் உட்கார்ந்த இடத்தில் போனார்கள். அவர்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்குக்கூட ஓடாதவர்கள். ஆனால் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோதே என் காதுபடச் சொன்னார்கள், “அந்த ஒடம்ப வச்சிகினு ஓடலாமா? ஓடித்தான் செத்தா.”

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நானே கேட்டேன். “ஓடினதாலன்னு சொல்ல முடியாதும்மா. ஓடாம இருந்திருந்தா இன்னும் முன்னாடியே அட்டாக் வந்திருக்கலாம். உறுதியா யாராலயும் சொல்ல முடியாது” என்றார். ஊருக்கு இவ்வளவு நீளமான பதில் தேவைப்படவில்லை. காரியம் முடிந்த கையோடு நம் ஓட்டக் கூட்டம் கலைந்துபோனது. கஸ்தூரி அக்காவின் மகன் அவர் செருப்பை எடுத்து ஒளித்துவைத்தான். “வெறுங்காலோடதாண்டி ஓடினேன்” என்று அக்கா என்னிடம் சொல்லி அழுதார்.

அண்ணன் அழவில்லை, அண்ணி. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தறியில் உட்காருவார், ஓட்டமாட்டார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கையை நீட்டினார். “இனிமே ஓட மாட்டேன்னு என் கைல அடிச்சி சத்தியம் பண்ணு” என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். “ஷூ வாங்கிக் குடுத்தவன் நான். நான்தான் அவள அனுப்பி வச்சேன். உன்னையும் அனுப்ப என்னால முடியாது சுமதி.” நீட்டிய கையை மடக்கவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். உங்கள் அப்பாவை, தம்பியைச் சொன்னேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அந்தக் கையில் அடித்திருந்தால் அவர் மனசு ஆறியிருக்கும். ஆனால் ஷூதான் உங்களைக் கொன்றது என்று நானும் ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். அடிக்கவில்லை. அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம் சில நாள் கழித்து நான் தனியாக ஓடப் போனேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நெஞ்சில் சின்னதாக ஒரு பிடிப்பு வந்தாலும் உங்களை நினைத்துப் பயந்து நின்றுவிடுவேன். டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் இந்த முறை கேலி பண்ணவில்லை. பாவம் என்று பார்த்தார்கள். கேலியே தேவலாம். கோட்டைப் பக்கம் திரும்பும்போது பின்னால் மொபெட் சத்தம். தாண்டிப் போகட்டும் என்று ஓரம் ஒதுங்கினேன். அது தாண்டவில்லை. நான் ஓடினால் கூடவே உருண்டு வந்தது, நடந்தால் அதுவும் மெதுவானது. திரும்பிப் பார்த்தால் அண்ணன். தலையில் மப்ளர், இரண்டு காலையும் தரையில் உரசியபடி வந்துகொண்டிருந்தார்.

“எதுக்கு வர்றீங்க ண்ணா?”

“உழுந்தா தூக்கறதுக்கு ஆள் வேணாமா?” என்றார். முகம் கடுகடுவென்று இருந்தது. இத்தனை நாள் கழித்து அவர் என்னிடம் பேசியது அதுதான்.

அதிலிருந்து தினமும் வருகிறார். பேசமாட்டார். மொபெட் வெளிச்சம் என் முன்னால் விழும்படி பின்னாலேயே வருவார். இதைப் பார்த்துவிட்டு, பின்னால் வண்டி வருகிறதே என்ற தைரியத்தில் கஸ்தூரி அக்கா மட்டும் மகனிடம் சண்டை போட்டுக்கொண்டு வாரத்தில் ஓரிரு நாள் வருகிறார். மற்றவர்கள் வரவில்லை. வருவார்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான், தெரியவில்லை.

முந்தாநாள் கஸ்தூரி அக்கா வரவில்லை. மைதானத்துக்கு முந்தின நீளமான ரோட்டில் நானும் அண்ணனும் மட்டும்தான். திடீரென்று மொபெட் நின்றுவிட்டது. எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து பின்னால் வருகிற மனிதருக்கே ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறித் திரும்பினேன். அண்ணன் ஸ்டாண்டு போட்டுவிட்டு, விளக்கை அணைக்காமல், வண்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“சுமதி, அவ எப்டி ஓடுவா?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. “எப்டின்னா?”

“நான் பாத்ததே இல்லம்மா. நான் எழுந்துக்கறப்ப அவ காபி போட்டுகினு இருப்பா. ஒரு நாளாவது ஜல்தியா எழுந்து வந்து பாத்திருக்கலாம். பாக்கவே இல்ல.” குரல் உடைந்துவிட்டது. நீங்கள் போன பிறகு அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

எப்படி ஓடுவீர்கள் என்று வாயால் எப்படிச் சொல்வது? ரோட்டின் நடுவுக்குப் போனேன். நீங்கள் ஓட ஆரம்பிக்கும்போது இடது கையால் சட்டையின் கீழ் நுனியை இழுத்துப் பிடித்துக்கொள்வீர்களே, வயிறு தெரியக் கூடாதென்று, அதேபோல என் சுடிதார்மேல் போட்டிருந்த சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன். தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தேன். பாதத்தைத் தூக்காமல், தரையைத் தேய்க்கிற மாதிரி குட்டிக் குட்டியாக எட்டு வைத்தேன். கொஞ்ச தூரம் போனதும், பார்க்க யாருமில்லை என்று தெரிந்ததும் நீங்கள் சட்டையை விட்டுவிடுவீர்கள். நானும் விட்டேன். இரண்டு கையும் விரிந்து வீசிக்கொண்டன. அண்ணி, யோசித்துச் செய்யவில்லை. உங்கள் பக்கத்திலேயே ஓடி ஓடி எல்லாம் என் உடம்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கென்று தனியாக ஓட்டம் எதுவும் இல்லை என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வளைவு வரைக்கும் ஓடித் திரும்பி வந்தேன். அண்ணன் மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சிரிச்சிகினேவா ஓடுவா?”

நான் சிரித்துக்கொண்டு ஓடினேன் என்பதே அவர் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. “ஆமா ண்ணா. எப்பவும்” என்றேன்.

அவர் மப்ளரை மறுபடி தலையில் சுற்றிக்கொண்டார். பிறகு வண்டி சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டு, “இன்னொரு தபா ஓடிக் காட்டு” என்றார்.

மூச்சு இன்னும் அடங்கவில்லை. சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓடினேன்.