இன்னும் நூற்று நாற்பது கிலோமீட்டர்

ஜூலை 8, செவ்வாய். குற்றாலம்.

ஓய்வு நாள். ஸ்ரீநகரில் சைக்கிள் ஏறி முப்பத்தெட்டு நாளாகிறது. கூட வருகிற ரிபாயி கடையநல்லூர்க்காரன்; மஸ்கட்டில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். அவன் பதினேழாம் தேதி திரும்ப அங்கே விமானம் ஏற வேண்டும்.

ராஜபாளையம் தாண்டியதிலிருந்து என் வலது முழங்கால் மடங்க மறுக்கிறது. சிவகிரியில் என் ஊரான சங்கரன்கோவில் போகும் பஸ்ஸைப் பார்த்தேன். திரும்பவில்லை. குமரியைத் தொட்டுவிட்டுத்தான் வீடு.

பாலிடெக்னிக், மஸ்கட் வேலை, கோழிப்பண்ணை - தொட்டதெல்லாம் பாதியில் நின்றது. புறப்படும்போது என் மனைவி எஸ்லின் கேட்டாள், "இதையாவது முடிச்சிட்டு வருவியளா?" அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 9

சீசன் கூட்டம். ஊரே அருவியில் கூத்தடிக்கிறது. நான் எண்ணெய் தேய்க்கிறவரிடம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறுமுகச்சாமி என்று பெயர். அமுக்கிப் பார்த்தவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்.

"தம்பி, இது எண்ணெய்க்கு அடங்குத நோவு இல்ல. இதுக்கு மேல மிதிச்சியன்னா நடக்க முடியாது. துட்டு வேண்டாம், போங்க."

துட்டு வேண்டாம் என்கிறவர் பொய்யா சொல்வார்?

ஜூலை 10

வீக்கம் கூடிவிட்டது.

ரிபாயி மட்டும் போனால் ரெண்டே நாளில் முடித்துவிடுவான். "நீ இல்லாம நான் போயி என்னல செய்ய? நாளைக்குப் பாப்போம்" என்கிறான். 'நீ போ' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனும் முடிக்காவிட்டால் முடிக்காதவன் நான் ஒருவன் மட்டும் இல்லையே - இப்படி நினைத்தேன். கேவலமான நினைப்பு. எழுதியாவது வைக்கிறேன்.

ஜூலை 12, சனி

அம்மா போன் செய்தாள். "எங்கன மக்கா இருக்க?"

"குமரிகிட்ட வந்தாச்சும்மா. சாயங்காலம் சேந்திருவோம்."

ஏன் சொன்னேன்? கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, எதற்கு அந்தப் பொய்?

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து வாழ்த்து மெசேஜ்கள். நேற்று நான் சொன்னதை நம்பி அம்மா கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் கொடுத்துவிட்டாள். காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை சாம்சுந்தரைப் பத்திரமாக நடத்திய கிருபைக்காக என்று போதகர் ஆராதனையில் வாசித்திருக்கிறார். சபை முழுவதும் ஆமென் சொல்லியிருக்கிறது.

ஆண்டவருக்கே நன்றி சொல்லியாகிவிட்டது. இனி அதை யார் போய்த் திரும்ப வாங்குவது?

மத்தியானம் ரிபாயியிடம் "நீ போலே" என்றேன். அவன் எழுந்துபோய் டயருக்குக் காற்றடிக்க ஆரம்பித்தான்.

ஜூலை 15

ரிபாயி குமரியிலிருந்து போட்டோ அனுப்பினான். தனியாக நிற்கிறான். கீழே "முடிச்சிட்டோம்" என்று எழுதியிருக்கிறான். முடிச்சிட்டோமாம்.

ஜூலை 16

சைக்கிளை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தேன். சங்கரன்கோவிலுக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னால் இறக்கச் சொன்னேன். அங்கிருந்து ஒற்றைக் காலால் மிதித்து வீடு வரை வந்தேன். தெருவில் பார்த்தவர்கள் கை காட்டினார்கள். நானும் காட்டினேன்.

எஸ்லின் வாசலில் நின்றாள். "முடிச்சாச்சா?"

"ஆமா."

சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்தாள். வேறெதுவும் கேட்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் முன்னால் கூப்பிட்டு சால்வை போர்த்தினார். குனிந்து கழுத்தைக் கொடுத்தேன். கைதட்டினார்கள். அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்லின் சொன்னாள்: "நீங்க வருததுக்கு மொத நாளே ரிபாயி அண்ணன் போன் பண்ணிட்டாவ. கால் எப்படி இருக்குன்னு கேட்டாவ. எல்லாம் சொன்னாவ. கால் முடியலன்னா என்ன, அதுக்கு நான் உங்கள ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

அப்படியானால் வாசலில் கேட்டபோதே அவளுக்குத் தெரியும்.

ஜூலை 22

பொறுக்க முடியவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன் - முழங்கால், குற்றாலம், லோடு ஆட்டோ, எல்லாம். போதகரிடமும் போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன்.

அம்மா எழுந்துபோய்ச் சால்வையை எடுத்துவந்தாள். பிறகு, "ஸ்தோத்திரம் பண்ணியாச்சுல்லா மக்கா. இனி யாருட்டயும் சொல்லாத" என்றாள்.

சால்வையை மடித்து, பீரோவில் அவளே வைத்துப் பூட்டினாள்.